பெரியவர் போடாத அப்பீல்

"மஞ்சள் காமாலைன்னீங்க. நல்லது. சர்டிபிகேட் எங்க?" என்று வக்கீல் கையை நீட்டினார்.

அவள் கைப்பையைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். உள்ளே ஒரு சீப்பும், கசங்கிய பஸ் டிக்கெட்டும், பாதி தீர்ந்த மாத்திரை அட்டையும்தான் இருந்தன. புருஷனுக்கு வராத காமாலைக்கு எந்த டாக்டர் சர்டிபிகேட் எழுதுவார்? ஆனாலும் அந்தக் காமாலையை அவள் பொத்திப் பொத்தி வளர்த்து ஆளாக்கியிருந்தாள். அக்கம்பக்கத்துக்குக் காமாலை, பட்டறைக்கு வரும் வாடிக்கைக்காரர்களுக்குக் காமாலை, கூடப்பிறந்த தம்பிக்குக்கூடக் காமாலைதான். எதிர்வீட்டுக்காரி தினமும் வாசலில் நின்று, எண்ணெய் கூடாது, காரம் கூடாது, வெயில் கூடாது என்று அடுக்கிவிட்டுப் போவாள். "கண்ணு மஞ்சளாவே இல்லையே" என்று ஒரு நாள் அவள் இழுத்தபோது, "இது உள்ளுக்குள்ளயே இருக்கிற காமாலைங்க" என்று கொஞ்சமும் கூசாமல் சொல்லி அனுப்பியவள் இவள். அந்தச் சாமர்த்தியமெல்லாம் இப்போது வக்கீலின் நீட்டிய கைக்கு முன்னால் ஒன்றுக்கும் உதவவில்லை.

வக்கீலுக்கு வயது குறைவு, தொப்பை அதிகம். இரண்டு வாக்கியத்துக்கு ஒரு தரம் "கவலையே படாதீங்க" என்பார். அதனால் தீர்ப்பாயத்து வராந்தாவில் அவருக்குக் கவலைப்படாத வக்கீல் என்றே பெயர்.

"அக்கா, நிதானமாக் கேளுங்க. வரி ஆபீஸ் போட்ட உத்தரவு மேல அப்பீல் போட ஒரு கெடு இருக்கு. அது முடிஞ்சு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஏன் லேட்டாச்சு, மன்னிச்சுக்குங்கன்னு தனியா ஒரு மனு போடணும். அவங்க மன்னிச்சாத்தான் அப்பீலையே கையில எடுப்பாங்க. உடம்பு முடியலைன்றது நல்ல காரணம்தான். ஆனா என்ன நோய், எப்ப வந்துச்சு, எப்ப போச்சு, எல்லாம் டாக்டர் கைப்பட வேணும்."

"மன்னிக்கலைன்னா?"

"பட்டறைக்குப் பூட்டுப் போடுவாங்க. மாடியில இருக்கிற வீடும் அதே கட்டடம்தானே."

அவள் பயந்துபோனாள். வீட்டை நினைத்து அல்ல. கை கால் இருக்கிறது, எங்கேயாவது ஒண்டிக்கொள்ளலாம். அவள் புருஷனை நினைத்துத்தான். அவர் தேறி வந்த சமயத்தில் டாக்டரம்மா அவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் நினைவிருந்தது. "பாதி மாத்திரை, பாதி வேலை. கையில கம்பி இருக்கிற வரைக்கும் அவர் நம்ம பக்கம் இருப்பார்மா. அந்தப் பட்டறையை மட்டும் விட்டுடாதீங்க." பட்டறை போனால் மனுஷனும் போவார். வழக்கு என்றால் அவளுக்கு அவ்வளவுதான் வழக்கு.

"வக்கீல் தம்பி," என்றாள். "அது காமாலை இல்ல."

"பின்ன?"

"அவங்க அண்ணன் வந்து போயிட்டிருந்தார்."

"எந்த ஊர்லேர்ந்து?"

"ஊர்லேர்ந்து இல்ல தம்பி. அவர் செத்துப்போயிட்டவர்."

கவலைப்படாத வக்கீல் பேனாவை மூடினார். அன்றைக்கு முதல் முறையாக அவர் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

மோட்டார் காயில் சுற்றும் பட்டறை அது. எரிந்துபோன பம்ப் மோட்டார்களும் மூச்சு நின்ற மின்விசிறிகளும் வரும். கருகிய பழைய செம்புக் கம்பியைப் பிய்த்து எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றி, வார்னிஷில் முக்கி, சூளையில் வேகவைத்துக் கொடுப்பார்கள். அண்ணன் தம்பி இருவர். தெருவில் யாருக்கும் அவர்கள் பெயர் தெரியாது. பெரியவர், சின்னவர், அவ்வளவுதான். சின்னவருக்குக் கம்பி, பெரியவருக்குக் காகிதம் என்று பிரிந்திருந்தது வேலை. சின்னவர் சூளையைத் திறக்காமலே வாசனையை வைத்து வெந்துவிட்டதா என்று சொல்வார். ஆனால் ஒரு ரசீது எழுதச் சொன்னால் அண்ணனைக் கூப்பிடுவார்.

பட்டறையில் ஒரு சட்டம் இருந்தது. எந்தக் காகிதம் வந்தாலும், அது கரண்ட் பில்லோ கடைக்காரன் விளம்பரமோ, பிரிக்காமல் பெரியவர் மேசையில் வைத்து அதன்மேல் ஒரு தேய்ந்த பேரிங்கைத் தூக்கி வைத்துவிட வேண்டும். மற்றதைப் பெரியவர் பார்த்துக்கொள்வார். சின்னவர் தன் ஆயுளில் ஓர் உறையைப் பிரித்தவரில்லை. அவருக்குப் பெண் கொடுக்கச் சம்மதித்துப் பெண்வீட்டார் எழுதிய கடிதத்தையே பெரியவர்தான் பிளேடால் ஓரம் நறுக்கிப் பிரித்து, படித்து, "டேய், உனக்குக் கல்யாணம்டா" என்று சொன்னாராம். இதைச் சொல்லிச் சொல்லி மூவரும் எத்தனையோ முறை சிரித்திருக்கிறார்கள். மூவர்தான் அந்த வீட்டில். பெரியவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "ஒருத்தனை வளர்த்ததே போதும்" என்பார்.

அந்தப் பெரியவர் ஒரு நாள் பில் எழுதிக்கொண்டிருந்தவர் அப்படியே மேசையில் சாய்ந்தார். தூக்கத்தில் சாய்வது போலத்தான் இருந்தது. டாக்டர் வந்து பார்க்கும்போது எல்லாம் முடிந்திருந்தது.

சின்னவர் அழவில்லை. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அண்ணனைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு வந்த கையோடு, யாருடைய பம்ப்போ பாதியில் நிற்கிறது என்று பட்டறையில் உட்கார்ந்துவிட்டார். "கல்லு மாதிரி இருக்கானே" என்று வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். அழுதுவிட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். பாவி மனுஷன், அழத் தெரியாமல் எல்லாவற்றையும் உள்ளே வைத்துச் சுற்றிக்கொண்டார்.

கொஞ்ச நாளில் மத்தியானம் "ரெண்டு டீ" என்றார். பழக்க தோஷம் என்று நினைத்து அவளும் இரண்டு கொண்டுவந்தாள். பிறகு ஒரு நாள் வேலைக்கு நடுவில், பெரியவர் மேசைப் பக்கம் திரும்பி எதற்கோ சிரித்தார்.

"யார்கூடப் பேசுறீங்க?"

"இதென்ன கேள்வி? அண்ணன்கூடத்தான்."

கேட்ட விதத்தைப் பார்த்தால், அவளுக்குத்தான் புத்தி பிசகிவிட்டதோ என்கிற மாதிரி இருந்தது. அவள் மேசைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். நாற்காலி காலியாகத்தான் இருந்தது. வெயில் மட்டும் ஜன்னல் கம்பி வழியாக அதன்மேல் விழுந்திருந்தது. அவளுக்கு என்ன தோன்றியதோ, இரண்டாவது டீயை எடுத்துப்போய் மேசையில் வைத்து, "ஆறிடும், குடிச்சிடுங்க" என்று அந்த வெயிலைப் பார்த்துச் சொன்னாள். சின்னவர் முகத்தில் அத்தனை நாள் இல்லாத ஒரு தெளிச்சி வந்தது. அதைப் பார்த்த பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. தினமும் அந்த நாற்காலிக்கு ஒரு டீயும் ஒரு வார்த்தையும் என்று ஆயிற்று. டீயை அவள் பிறகு கழுநீரில் கொட்டிவிடுவாள்.

அதோடு நின்றிருந்தால்கூடப் போகட்டும் என்று விட்டிருக்கலாம்.

ஒரு மத்தியானம் அவள் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது நாற்காலி காலியாக இல்லை. புருஷன் உட்கார்ந்திருந்தார். மூக்கில் பெரியவரின் கண்ணாடி. பெரியவர் உட்காருகிற மாதிரியே இடது தோள் கொஞ்சம் சரிந்திருந்தது. கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்து, "அம்மாடி" என்றார்.

அவளை அம்மாடி என்று கூப்பிட்ட ஆள் உலகத்தில் ஒருவர்தான். அவரை எரித்துச் சாம்பலாக்கியாகிவிட்டது.

"அம்மாடி, அவன் சாப்பிட்டானா?"

"யா... யாரு?"

"யாரா? நல்லாக் கேட்டே போ. உன் புருஷன்தான். காலையிலேர்ந்து அந்தப் பெரிய பம்ப்போட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கான். சோத்து நெனப்பே இருக்காது அவனுக்கு."

புருஷன் வாயால் புருஷன் சாப்பிட்டானா என்று கேட்கிறார்! கத்திக்கொண்டு தெருவுக்கு ஓடியிருக்க வேண்டும் அவள். ஓடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, "சாப்பிட்டார்" என்றாள்.

"நல்லது. நீ சாப்பிட்டியா?"

சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். அத்தனை பயத்துக்கும் நடுவில் அவளுக்கு அழுகையும் ஆறுதலும் ஒன்றாகப் பொங்கிக்கொண்டு வந்தன. அந்த வீட்டில் அவள் சாப்பிட்டாளா என்று கேட்டவர் பெரியவர் ஒருவர்தான். இப்போதும் அவர்தான் கேட்டார்.

அப்புறம் மத்தியானங்களெல்லாம் அப்படியே போயின. காலையில் சின்னவர் கம்பி சுற்றுவார். சாப்பாட்டுக்குப் பிறகு பெரியவர் வந்து மேசையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருப்பார். ஏதோ தட்டுகிறார், தட்டட்டும் என்று அவள் கிட்டே போகாமல் இருந்துவிட்டாள். பெரியவரின் பழைய போனுக்குப் பணம் கட்டச் சின்னவர் சொன்னார், கட்டினாள். "அண்ணன் போன் கட்டாயிடுச்சுன்னா எப்படி?" என்றார்.

வரி ஆபீஸ் உறை வந்தது அந்தச் சமயத்தில்தான். சின்னவர் வாங்கினார், கையெழுத்துப் போட்டார், மேசையில் வைத்தார், பேரிங்கை மேலே வைத்தார்.

"என்னங்க அது, சீல் எல்லாம் இருக்கு?"

"அண்ணன் பார்த்துக்குவார்."

சீல் வைத்த உறையைச் செத்தவர் மேசையில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போகிற ஆளை என்னவென்று சொல்வது! ஆனால் அவள்தான் அந்த மேசைக்கு டீ வைத்துக்கொண்டிருந்தாளே. வாயைத் திறந்தால் எல்லாம் உடைந்துவிடும் என்று சும்மா இருந்துவிட்டாள்.

வரி ஆபீஸ் ஆட்கள் வந்து பட்டறைக் கதவில் காகிதம் ஒட்டியபோதுதான் அவளுக்கு விழிப்பு வந்தது. அன்றைக்கே அவரை மனசுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். மாத்திரை, ஊசி, நாள் முழுக்கத் தூக்கம், பிறகு மெல்ல மெல்ல வேலை. எந்த நாளில் பெரியவர் போனார் என்று அவளால் சொல்ல முடியாது. ஒரு மத்தியானம் அவள் வழக்கம்போல இரண்டு டீயோடு இறங்கி வந்தபோது, சின்னவர் நிமிர்ந்து பார்க்காமலே, "ஒண்ணு போதும்" என்றார். அதற்குப் பிறகு அவர் வாயில் அண்ணன் என்ற சொல்லே வரவில்லை.

ஒரே ஒரு தரமாவது வந்திருந்தால் அவள் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். செத்துவிட்டார் என்று தெரிந்து பேசாமலிருக்கிறாரா, கோபித்துக்கொண்டு வெளியே போயிருக்கிறார், வந்துவிடுவார் என்று பேசாமலிருக்கிறாரா? கேட்கலாம் என்றால் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "நீங்களாக் கிளறாதீங்க. அவரே சொல்றப்ப சொல்லட்டும்." அதனால் நாற்காலி மேசைக்குப் பின்னாலேயே கிடந்தது. வாடிக்கைக்காரர் யாராவது அதில் உட்காரப் போனால், "அது கால் ஆடும்ங்க" என்று தடுத்துவிடுவாள். மத்தியானம் மாடிப்படி இறங்கும்போதெல்லாம் செருப்பைத் தேய்த்துச் சத்தம் போட்டுக்கொண்டுதான் இறங்குவாள். கீழே யார் உட்கார்ந்திருந்தாலும் எழுந்து போக அவகாசம் கொடுக்கிற மாதிரி.

இதையெல்லாம் கேட்டு முடித்த வக்கீல் பேனாவைத் திறந்தார். பிறகு சொன்னார்: "அக்கா, இதை அப்படியே எழுதுவோம். டாக்டரம்மா சர்டிபிகேட் குடுப்பாங்கல்ல? ஆனா சார் படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடணும். விசாரணைக்கும் வரணும்."

"அவர் வரணுமா?"

"வரணும். கவலையே படாதீங்க" என்றார். இந்த முறை அவருக்கே அதில் நம்பிக்கை இருக்கிற மாதிரித் தெரியவில்லை.

மனுவும், கணக்குப் பிழையைக் கண்டுபிடித்து வக்கீல் எழுதிய அப்பீலும் தட்டச்சாகி வந்தன. 'காலஞ்சென்ற என் மூத்த சகோதரர்' என்று முதல் பக்கத்திலேயே கிடந்தது. அவள் அந்தக் காகிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு சூளைக்குப் பக்கத்தில் நின்றாள். எங்கே வைப்பது? பட்டறைச் சட்டப்படி அது பெரியவர் மேசைக்குத்தான் போக வேண்டும். அங்கே வைக்கப் போன கையைப் பாம்பைத் தொட்டவள் மாதிரி வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, நேராகப் புருஷன் கையிலேயே கொடுத்தாள்.

அவர் படித்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்போல உதட்டை அசைத்து, ஒவ்வொரு பக்கமாக. அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் தெரியவில்லை. கடைசிப் பக்கத்தில் நிறுத்தி, "விசிறி ரிப்பேர்னு போட்டிருக்கு. பம்ப்பும்தானே பார்க்கிறோம், அதையும் சேர்க்கச் சொல்லு" என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டு மறுபடி கம்பியை எடுத்தார்.

இதற்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வது? ஒருவேளை படித்துப் புரிந்துகொண்டு பேசாமலிருக்கிறாரோ, ஒருவேளை வேறு யாரோ ஒரு மூத்த சகோதரர் என்று நினைத்துவிட்டாரோ.

விசாரணை நாளன்று தீர்ப்பாயத்து வராந்தாவில் நிற்க இடமில்லை. கட்டுக் கட்டாகக் கோப்புகளை இடுக்கிக்கொண்டு ஆட்கள் சுவரோரம் சாய்ந்திருந்தார்கள். வாசலில் நின்ற சேவகர் ஒவ்வொரு வழக்காகக் கூப்பிட்டு உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். இவர்களுடையது வந்தபோது அவள் புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சில்லென்று இருந்தது. யாருடைய கை சில்லென்று இருந்தது என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை.

உள்ளே மேடைமேல் இருவர். நடுவில் தலைவரம்மா, நரைத்த தலை, நிதானமான கண்கள். பக்கத்தில் இன்னோர் உறுப்பினர், தலையே நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். வக்கீல் எழுந்து நோயைச் சொன்னார், சர்டிபிகேட்டைக் காட்டினார், மன்னிக்கும்படி கேட்டுக்கொண்டார். நன்றாகவே பேசினார், சும்மா சொல்லக்கூடாது. தலைவரம்மா தலையை ஆட்டியதைப் பார்த்து அவளுக்கு மூச்சு திரும்பிற்று.

அப்புறம் வரித்துறை சார்பில் வந்தவர் எழுந்தார். ஒல்லியான, அமைதியான மனுஷர். குரலை உயர்த்தவே இல்லை.

"நோய்னு சொல்ற இதே மாசங்கள்ல இந்தப் பட்டறையோட மாதாந்திரக் கணக்கு ஒண்ணுகூடத் தவறாம தாக்கலாகியிருக்கு. கெடுவுக்கு முன்னாடியே. ஒரு பிழை கிடையாது. சுயநினைவு இல்லாதவரால இதெல்லாம் எப்படி முடிஞ்சுது? முடிஞ்சவருக்கு அப்பீல் போட மட்டும் ஏன் முடியல?"

வக்கீலுக்குத் தூக்கிவாரிப்போட்டது. குனிந்து, "அக்கா, இதை ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்று பல்லைக் கடித்தார்.

"சத்தியமா எனக்கே தெரியாது தம்பி."

மத்தியானம் முழுக்கத் தட்டிக்கொண்டிருந்தாரே, அதுதான் இதுவா? சின்னப்பிள்ளை விளையாட்டு என்றல்லவா அவள் நினைத்திருந்தாள்!

"யார் செஞ்சது?" என்று தலைவரம்மா கேட்டார். வக்கீலைத்தான் கேட்டார். எழுந்தது சின்னவர்.

அவள் அவர் சட்டை நுனியைப் பிடித்தாள். என்ன சொல்லப்போகிறார்? நான் செஞ்சேன் என்றால், நல்லாத்தானே இருந்திருக்கே என்று மனுவைத் தள்ளிவிடுவார்கள், பட்டறை போகும். அண்ணன் செஞ்சார் என்றால் மனு நிற்கலாம். ஆனால் மனுஷன் போய்விட்டார் என்று அர்த்தம். எந்தப் பதில் வர வேண்டும் என்று வேண்டிக்கொள்வது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"நான்தாம்மா செஞ்சேன்" என்றார் சின்னவர்.

வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்ப உங்களுக்கு உடம்பு சரியாத்தான் இருந்திருக்கு."

"இல்லம்மா. செஞ்சது நான்தான். ஆனா அப்ப எனக்கு நான் செய்றதாத் தெரியல. அண்ணன் செய்றதாத்தான் தெரிஞ்சுது. எனக்குக் கணக்கு வராதும்மா. அண்ணன் பக்கத்துல உக்காந்து வருஷக்கணக்கா நம்பரை வாசிச்சுக் குடுத்திருக்கேன். அவர் கை எங்க போகும், எங்க நிக்கும்னு தெரியும். அவர் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அவர் நாற்காலியில உக்காந்தா, கை தானாப் போச்சு. கணக்கை அனுப்புறப்ப வர்ற ரகசிய நம்பர் அவர் போனுக்குத்தான் வரும். அதையும் சார்ஜ் போட்டு வெச்சிருந்தேன். இப்ப செய்யுன்னு சொல்லுங்க, ஒரு வரி வராது."

எழுதிக்கொண்டிருந்த உறுப்பினர் முதல் முறையாகத் தலையை நிமிர்த்தினார்.

துறைக்காரர் விடவில்லை. விடாதது அவர் வேலை. "மனுவோட நீங்க வெச்சிருக்கிற, வரி ஆபீஸ் உத்தரவு வந்த உறை ஓரமா நறுக்கிப் பிரிச்சிருக்கு. படிச்சிருக்கீங்க. படிச்சும் ஏன் அப்பீல் போடல?"

"படிச்சார்" என்றார் சின்னவர்.

படிச்சேன் இல்லை. படிச்சார். அவள் பிடித்திருந்த சட்டை நுனி அவள் கையிலிருந்து நழுவிற்று.

"படிச்சுட்டு, இதுல ஒண்ணுமில்லடா, வெச்சிருன்னுட்டார். அவரால அதைப் போட முடியாதும்மா. தப்பு அவருது. மோட்டார்லேர்ந்து உரிச்ச பழைய செம்பை வித்த காசை ரெண்டு இடத்துல ரெண்டு விதமா எழுதிட்டார். அதனாலதான் மறைச்சுட்டோம்னு நெனச்சு இவ்வளவு வரி போட்டாங்க. அப்பீல்ல என்ன எழுதணும்? எங்கண்ணன் தப்பாப் போட்டுட்டார்னுதானே எழுதணும்? ஒரு புள்ளி தப்பாப் போட்டதில்லன்னு சொல்லிக்கிட்டே வாழ்ந்த மனுஷன், தன் கையாலயே அதை எழுதுவாரா? கடைசி வருஷம் அவருக்குக் கண்ணு சரியாத் தெரியலம்மா. யார்கிட்டயும் சொல்லல. ஒரு தரம் சரிபாருடான்னார். நீங்க போட்டா சரியாத்தாண்ணே இருக்கும்னுட்டு நான் கம்பி சுத்தப் போயிட்டேன். அவரைத் தப்புன்னு நான் எப்படி எழுதுவேன்?"

தலைவரம்மா பேனாவைக் கீழே வைத்தார். மெதுவாகத்தான் கேட்டார், ஒரு வீட்டு மனுஷி கேட்கிற மாதிரி: "இப்ப எழுதியிருக்கீங்களே. அவர் தப்புன்னு இந்த அப்பீல்ல இருக்கு. கீழ உங்க கையெழுத்தும் இருக்கு. இப்ப அவர் ஒத்துக்கிட்டாரா?"

எழுந்து போய் அந்த அம்மாளின் வாயைப் பொத்திவிடலாமா என்று இருந்தது அவளுக்கு. எதைக் கேட்கக் கூடாது என்று அத்தனை மாதம் நாக்கைக் கடித்துக்கொண்டு கிடந்தாளோ, அதையே முன்பின் தெரியாத ஒருத்தி மேடைமேல் உட்கார்ந்து கேட்டுவிட்டாள்.

சின்னவர் கதவைப் பார்த்தார். யாரோ வர வேண்டியவர் வரட்டும் என்று காத்திருக்கிறவர் மாதிரி வெகுநேரம் பார்த்தார். அவருடைய இடது தோள் மெல்லச் சரிந்தது. அதை அந்த அறையில் அவள் ஒருத்திதான் கண்டாள். போச்சு, எல்லாம் போச்சு, அம்மாடி என்று இப்போது கூப்பிடப்போகிறார் என்று அவள் உடம்பைக் குறுக்கிக்கொண்டாள்.

தோள் சரிந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு நிமிர்ந்தது.

"இப்ப அவர் இல்லம்மா" என்றார் சின்னவர். சொல்லிவிட்டு, தான் சொன்னது தனக்கே கேட்டதுபோல அவளைத் திரும்பிப் பார்த்தார். "எங்கண்ணன் செத்துட்டார்."

துறைக்காரர் கையிலிருந்த கோப்பை மூடி வைத்துவிட்டு உட்கார்ந்தார். மேடைமேல் இருவரும் தலையோடு தலை சேர்த்துக் கொஞ்சம் பேசினார்கள். தாமதம் மன்னிக்கப்படுகிறது, அப்பீல் விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது என்று தலைவரம்மா சொல்லச் சொல்ல ஒருவர் எழுதிக்கொண்டார். வக்கீல் அவள் பக்கம் திரும்பிக் குழந்தை மாதிரிச் சிரித்தார்.

வெளியே வந்து நாலடி நடந்திருப்பார்கள். சின்னவர் சுவரோரம் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தார். முதலில் தோள் குலுங்கியது. பிறகு வாய் கோணிக்கொண்டது. அதற்குப் பிறகு வந்த சத்தத்தை அவள் அத்தனை வருஷக் குடித்தனத்தில் ஒரு நாளும் கேட்டதில்லை. "அண்ணே, அண்ணே" என்று, காணாமல்போன பிள்ளை கூப்பிடுகிற மாதிரி, வராந்தா அதிர அழுதார். கோப்புகளோடு நின்றவர்கள் எல்லாரும் திரும்பினார்கள்.

"சார், சார், நாம ஜெயிச்சுட்டோம்! கவலையே படாதீங்க!" என்று வக்கீல் அவரைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவருக்கு என்ன செய்வதென்று புரியவில்லை, பாவம்.

அவள் புருஷன் வாயைப் பொத்தவில்லை. மறைக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். அவள் கண்ணிலிருந்தும் தாரை தாரையாகக் கொட்டியது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

வாசலில் நின்ற சேவகர் அடுத்த வழக்கைக் கூப்பிட வாயெடுத்தவர், கூப்பிடாமல் இவர்களிடம் வந்தார். எத்தனையோ பேர் தோற்றுவிட்டு அந்த பெஞ்சில் உட்கார்ந்ததைப் பார்த்தவர் அவர்.

"என்னம்மா, கேஸு போயிடுச்சா?" என்று குனிந்து கேட்டார்.

"இல்லைங்க. இன்னிக்கு வந்த காரியம் நல்லபடியா முடிஞ்சுது" என்றாள் அவள். "இவங்க அண்ணன் தவறிட்டார்."

"அடடா! எப்போம்மா?"

"இப்பதாங்க."